14 வினாடிகளை யார் பங்கு பிரிப்பது? ஒரு போர்க்கப்பலுக்கு மூன்று வழிகள்

காகிதத்தில் ஒரு கப்பல். 2,000 டன், ஏறத்தாழ 90 மீட்டர் நீளம், 100 பேர். வங்கக் கடலில் ரோந்து போக வேண்டும். யாராவது ஏவுகணை விட்டால் தப்பிப் பிழைக்கவும் வேண்டும். கடற்படையின் மின்பிரிவில் வேலை பார்த்துவிட்டுக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியேறிய நான், புதுச்சேரியில் பொறியியல் படிக்கும் மாணவர்கள் சிலருக்கு இந்தக் கப்பலைக் கொடுத்து, “இதன் போர் அமைப்பை எப்படி வாங்குவீர்கள்?” என்று கேட்பது வழக்கம். போர் அமைப்பு என்றால் ரேடார், சோனார், பீரங்கி, ஏவுகணை, எதிரியின் ரேடார் அலைகளை மோப்பம் பிடிக்கும் மின்னணுக் கருவிகள், இவை சொல்வதையெல்லாம் ஒரே திரையில் சேர்த்துக் கப்பல் தலைவர் முன் வைக்கும் மென்பொருள் எல்லாம் அடங்கும்.

வகுப்பு மூன்றாகப் பிரிந்துவிடும். மொத்தத்தையும் ஒரே நிறுவனத்திடம் வாங்கிவிடலாம் என்பது ஒரு கட்சி. ஒவ்வொன்றையும் நல்ல இடம் பார்த்துத் தனித்தனியாக வாங்கி நாமே பிணைக்கலாம் என்பது இரண்டாவது. தேவைக்கேற்ப மாட்டிக் கழற்றும் பெட்டிகளாகச் செய்துவிட்டால் பிரச்சினையே இல்லை என்பது மூன்றாவது. இந்தக் கட்சிக்குத்தான் எப்போதும் கைத்தட்டல் அதிகம். மூன்றுமே உலகத்தில் செய்து பார்க்கப்பட்டவை. எதை எப்போது எடுப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அதைச் சொல்வதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டாக வேண்டும், ஏனென்றால் மூன்று வழிகளையும் உரசிப் பார்க்கும் கல் அதுதான்.

வினாடிக் கணக்கு

பூமி உருண்டை. கடல் மட்டத்தை ஒட்டிப் பறந்து வரும் ஏவுகணை தொடுவானத்துக்கு மேலே தலை காட்டும்வரை கப்பலின் ரேடாருக்குத் தெரியாது. ரேடார் 16 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏவுகணை 4 மீட்டர் உயரத்தில் வருகிறது என்று வையுங்கள். இரண்டு உயரங்களின் வர்க்க மூலங்களையும் கூட்டி 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை வரும்: நான்கும் இரண்டும் ஆறு, ஆறைப் பெருக்கினால் 24.7 கிலோமீட்டர். கடலூர் வெள்ளிக் கடற்கரையிலிருந்து புதுச்சேரி கடற்கரைச் சாலையைக் கொஞ்சம் தாண்டினால் வரும் தூரம். பஸ்ஸில் கன்னியகோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று நின்று போனால் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. வினாடிக்கு 300 மீட்டர் போகும் சாதாரண ஏவுகணைக்கு இது 82 வினாடி. ஒலியின் வேகத்தை மிஞ்சி, வினாடிக்கு 900 மீட்டர் பறக்கும் ஏவுகணைக்கு 27 வினாடி.

அந்த 27-ம் முழுதாக நம் கையில் இல்லை. வருவதைக் குறைந்தது 5 கிலோமீட்டருக்கு அப்பாலேயே வீழ்த்த வேண்டும். பக்கத்தில் வரவிட்டு அடித்தால் உடைந்த துண்டுகளே கப்பலுக்குள் வந்து பாயும். 5 கிலோமீட்டர் கோட்டை அது தொட ஏறத்தாழ 22 வினாடி ஆகும். நம்முடைய தற்காப்பு ஏவுகணை அந்த இடத்துக்குப் போய்ச் சேர 8 வினாடி என்று எடுத்துக்கொண்டால், மிச்சம் 14.

இந்த 14 வினாடிக்குள் ரேடார் ஒரு புள்ளியைப் பார்த்து, அது பறவையோ அலையோ அல்ல, ஒரு தடம் என்று உறுதி செய்ய வேண்டும். மென்பொருள் அதை வாங்கி, அபாயம் என்று வகைப்படுத்தி, எந்த ஏவுகணையால் அடிப்பது என்று முன்மொழிய வேண்டும். மனிதர் ஒருவர் சரி என்று சொல்ல வேண்டும். ஏவுதளம் உயிர் பெற்று ஏவுகணையைத் தள்ள வேண்டும். ரேடாருக்கு 4, மென்பொருளுக்கு 2, மனிதருக்கு 5, ஏவுதளத்துக்கு 3 என்று பிரித்தால் 14 சரியாகப் போய்விடுகிறது. எங்கேயும் சிக்குவதற்கு இடமே இல்லை.

ரேடாரை உயர்த்தினால் என்ன என்று யாராவது கேட்பார்கள். 16 மீட்டரிலிருந்து 25 மீட்டருக்குத் தூக்கினால் தொடுவானம் 28.8 கிலோமீட்டருக்குப் போகும். வேகமான ஏவுகணைக்கு எதிராகக் கிடைக்கும் லாபம் நாலரை வினாடி. அதற்கு விலை: பல டன் எடையுள்ள ரேடார் 9 மீட்டர் மேலே போகிறது, கப்பலின் நிலைத்தன்மை குறைகிறது, காற்றிலும் அலையிலும் ஆட்டம் கூடுகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறியதைப் பார்த்தவர்கள், இந்தக் கடலில் வட கிழக்குப் பருவத்தில் தலைகனத்த கப்பலை ஓட்ட ஆசைப்பட மாட்டார்கள். இத்தனை பாடுபட்டு வாங்கிய நாலரை வினாடியை, ரேடாரும் மென்பொருளும் பேசிக்கொள்ளும் கம்பியில் தொலைத்துவிடலாம் என்பதுதான் கொடுமை. இரண்டு நிறுவனங்களின் பெட்டிகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் தடத்தை மறுபடி மறுபடி சரிபார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

எனவே என் கேள்வி ஒன்றே ஒன்று. 14 வினாடி 16 ஆகிப் போனால் யாரைப் பிடிப்பது? ரேடார்க்காரர் “என்னுடையது 4-க்குள் முடிந்தது” என்பார். ஏவுதளக்காரர் “எனக்கு ஆணை வந்ததே தாமதம்” என்பார். பெட்டிகளுக்கு நடுவில் இருக்கும் அந்த 2 வினாடிக்கு யார் பெயரில் பட்டா?

ஒரே இடத்தில் மொத்தமாக

இந்த வழியின் மூத்த உதாரணம் அமெரிக்கக் கடற்படையின் ஏஜிஸ் என்ற போர் அமைப்பு. 1969 டிசம்பரில் ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்கு ஒப்பந்தம் போனது. முதல் கப்பலான டைகாண்டெரோகா கடற்படையில் சேர்ந்தது 1983 ஜனவரியில். நடுவில் 13 ஆண்டுகள். அதற்கு முன் டைஃபான் என்று ஒரு திட்டத்தை மிதமிஞ்சிய ஆசையோடு தொடங்கி 1963-இல் கைவிட்டிருந்தார்கள். அந்தச் சூடு ஏஜிஸைக் கட்டியவர்களுக்கு நினைவிருந்தது. திட்டத்தை 1970 முதல் நடத்திய வேன் மேயர் என்ற அதிகாரியின் தாரக மந்திரம்: கொஞ்சம் கட்டு, கொஞ்சம் சோதித்துப் பார், நிறையக் கற்றுக்கொள். நியூஜெர்சி மாநிலத்தின் மூர்ஸ்டவுனில், வயல்வெளிக்கு நடுவே, கப்பலின் மேற்கட்டுமானம் மட்டும் தரையில் நிற்கும் ஒரு கட்டடத்தை எழுப்பி, ரேடாரையும் கணினிகளையும் அங்கேயே பிணைத்துச் சோதித்தார்கள். நார்ட்டன் சவுண்ட் என்ற பழைய கப்பலில் ஏற்றிக் கடலிலும் பார்த்தார்கள். பிறகுதான் உண்மையான கப்பல்.

ஏஜிஸின் பலம் அதன் ரேடார் என்று பலர் நினைக்கிறார்கள். ரேடார் நல்ல ரேடார்தான். என் பார்வையில் அதன் உண்மையான பலம், ரேடார் பார்த்த கணத்திலிருந்து ஏவுகணை புறப்படும்வரை உள்ள எல்லா வினாடிகளுக்கும் பொறுப்பு ஒரே இடத்தில் இருந்ததும், அந்த வினாடிகளைக் கப்பல் கட்டுவதற்கு முன்பே கரையில் அளந்து பார்த்ததும்தான்.

வீடு கட்டியவர்களுக்கு இது எளிதில் புரியும். சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் காண்டிராக்ட் விட்டால் சுவரில் விரிசல் வந்தாலும் கூரை ஒழுகினாலும் ஒருவரைத்தான் கூப்பிட வேண்டும். ஆனால் ஓர் அறையில் ஜன்னலை இடம் மாற்ற வேண்டும் என்றால், அவர் சொல்வதுதான் விலை. கப்பல் 30 ஆண்டு ஓடும். அதற்குள் கணினி நான்கு தலைமுறை மாறும், ஏவுகணை இரண்டு முறையாவது மாறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மென்பொருளின் மூல நிரலைக் கையில் வைத்திருப்பவர் வாசலில் போய் நிற்க வேண்டும். அந்த நாட்டு அரசுக்கும் நமக்கும் இடையே மனவருத்தம் வந்துவிட்டால் வாசற்கதவு சாத்தியிருக்கும்.

நம் காகிதக் கப்பலுக்கு ஏஜிஸ் பொருந்தாது. நார்வே அதைச் சுருக்கி ஏறத்தாழ 5,300 டன் கப்பலில் ஏற்றியது. 2,000 டன்னில் இடமில்லை. ஆனால் நெதர்லாந்தின் டாக்டிகோஸ், சுவீடனின் 9எல்வி, பிரான்சின் செட்டிஸ் போன்றவை சிறிய கப்பல்களுக்கும் முழுச் சாப்பாடாகக் கிடைக்கின்றன. எனவே முதல் கட்சியை அளவைக் காட்டி மட்டும் தள்ளிவிட முடியாது.

தனித்தனியாக வாங்கி நாமே பிணைப்பது

இந்தியக் கடற்படை நடந்து வந்த பாதை இது. ஐ.என்.எஸ். கோதாவரி 1983 டிசம்பர் 10 அன்று சேர்ந்தது. பிரிட்டிஷ் லியாண்டர் வகையிலிருந்து வளர்த்தெடுத்த உடல், சோவியத் ஏவுகணைகள், இத்தாலியின் ஐ.பி.என்.-10 என்ற போர்த் தரவுக் கணினி, டச்சு ரேடார், பிரிட்டிஷ் மரபின் சீ கிங் ஹெலிகாப்டர்கள். பனிப்போர்க் காலத்தில் இரண்டு முகாம்களின் பெட்டிகளும் ஒரே கப்பலில் உட்கார்ந்திருந்ததை வெளிநாட்டவர் வியப்போடு பார்த்தார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு வியப்பை விட வியர்வைதான் அதிகம். சோவியத் கருவிக்கும் மேற்கத்தியக் கருவிக்கும் வேண்டிய மின்னழுத்தமும் அலைவெண்ணும்கூட ஒன்றாக இருக்கவில்லை. ஒரு கருவி திசையைக் கப்பலின் முனையிலிருந்து அளக்கும். இன்னொன்று உண்மையான வடக்கிலிருந்து அளக்கும். இரண்டையும் ஒன்றாக்க வேண்டியவர் இரண்டு தயாரிப்பாளர்களில் ஒருவரும் அல்லர்.

ஆனால் அந்த வேலையைச் செய்ததால் ஒரு கூட்டம் உருவானது. 1970-களின் பிற்பகுதியில் கடற்படையே தன் ஆயுத, மின்னணு அமைப்புகளைப் பிணைப்பதற்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கியது. இன்று அது “வீசி” (WESEE) என்று சுருக்கி அழைக்கப்படுகிறது. பாரத் எலக்ட்ரானிக்ஸோடு சேர்ந்து இந்தியப் போர்க்கப்பல்களின் போர் மேலாண்மை அமைப்புகள் வருவது அந்த வழியில்தான். 2014-இல் சேர்ந்த ஐ.என்.எஸ். கொல்கத்தாவை எடுத்துக்கொள்ளுங்கள்: ரேடார் இஸ்ரேல், பராக்-8 ஏவுகணை இந்திய-இஸ்ரேல் கூட்டுத் தயாரிப்பு, பிரமோஸ் இந்திய-ரஷ்யக் கூட்டுத் தயாரிப்பு, 76 மில்லிமீட்டர் பீரங்கி இத்தாலிய வடிவமைப்பில் ஹரித்வாரில் செய்தது. இவற்றைப் பிணைக்கும் நடு மென்பொருள் நம்முடையது. ஒருவரோடு பிணக்கு வந்தாலும் மற்றவை நின்றுவிடாது.

விலையும் உண்டு. கொல்கத்தாவின் அடிப்பலகை போடப்பட்டது 2003-இல். சேர்ந்தது 2014 ஆகஸ்ட் 16. அன்றைக்கு அதன் முக்கிய வான்காப்பு ஏவுகணை தயாராக இருக்கவில்லை. கப்பலிலிருந்து பராக்-8 முதன்முதலாகச் சீறியது 2015 டிசம்பர் இறுதியில். கப்பலும் ரேடாரும் ஏவுகணையும் ஒரே காலத்தில் பிறந்து வளர வேண்டும் என்று திட்டமிட்டால், மூன்றில் மெதுவாக நடப்பதுதான் எல்லோருடைய வேகத்தையும் தீர்மானிக்கும்.

இந்த வழியில் உட்கார்ந்து கவனிக்க வேண்டிய இடம் பெட்டிகளுக்கு இடையே உள்ள இடைமுக ஆவணம். பார்ப்பதற்குச் சலிப்பூட்டும் காகிதம். எந்த எண், எந்த அலகில், எந்த ஒழுங்கில், எத்தனை மில்லி வினாடிக்கு ஒரு முறை, எந்தக் கடிகாரத்தின்படி என்று பக்கம் பக்கமாக ஓடும். கடிகாரம் என்ற ஒரு வரியை மட்டும் பார்ப்போம். ரேடார் இலக்கின் இடத்தைச் சொல்கிறது, ஆனால் எந்தக் கணத்தில் பார்த்தது என்று சொல்லவில்லை. செய்தி வந்து சேர 100 மில்லி வினாடி தாமதம். வினாடிக்கு 900 மீட்டரில் வரும் ஏவுகணை அதற்குள் 90 மீட்டர் நகர்ந்துவிட்டது. பீரங்கி 90 மீட்டருக்குப் பின்னால் சுடுகிறது. ஒவ்வொரு கருவியும் தன் சோதனையில் தேறியிருக்கும்.

இன்னொரு வரி: ரேடார் நிற்கும் இடமும் பீரங்கி நிற்கும் இடமும் ஒரே நேர்கோட்டில் பார்க்கின்றனவா? ஒரு மில்லி ரேடியன் என்ற மிகச் சிறிய கோண அளவு பிசகினால் 5 கிலோமீட்டரில் 5 மீட்டர் தவறும். எஃகு உடல் வெயிலில் ஒரு பக்கம் சூடேறி வளையும் என்பதால் இந்தச் சீரமைப்பைக் கப்பல் துறையில் இரவிலோ விடியலிலோ செய்வார்கள். கடலூர் மே மாத வெயிலில் இரும்புக் கதவைத் தொட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. இடைமுக ஆவணத்தில் எந்த வெப்பநிலையில், எந்த அடிப்படைத் தளத்தை வைத்து அளப்பது என்று எழுதாவிட்டால், இரண்டு நிறுவனங்களும் தங்கள் தங்கள் அடிப்படையில் சரியாக அளந்து, தவறான கப்பலைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

கருவிகள் அனுப்பும் ரேடியோ அலைகளுக்கு இடையே உள்ள சண்டையும் இதே காகிதத்தில்தான் தீர வேண்டும். 1982 மே 4 அன்று ஃபாக்லாந்துப் போரில் எக்சோசெட் ஏவுகணை தாக்கியபோது, பிரிட்டனின் ஷெஃபீல்ட் கப்பல் செயற்கைக்கோள் வழியாகப் பேசிக்கொண்டிருந்தது. அந்த ஒலிபரப்பு எதிரி ரேடாரை மோப்பம் பிடிக்கும் கருவியின் காதை அடைத்தது. 20 பேர் இறந்தனர். இரண்டு கருவிகளும் தனித்தனியாக நல்ல கருவிகள்.

மாட்டிக் கழற்றும் பெட்டிகள்

கைத்தட்டல் வாங்கும் மூன்றாவது வழியை டென்மார்க் முறையாகச் செய்து காட்டியது. 1989 முதல் வந்த ஃப்ளைவெஃபிஸ்கென் வகைக் கப்பல்கள் 54 மீட்டர் நீளம். நான்கு குழிகள், ஒவ்வொன்றிலும் 3 மீட்டர் நீளமும் 3.5 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் உயரமும் உள்ள ஒரு பெட்டி உட்காரும். பீரங்கி ஒரு பெட்டி, ஏவுகணை ஒரு பெட்டி, கண்ணிவெடி தேடும் கருவி ஒரு பெட்டி. கிரேன் வைத்து அரை மணி நேரத்தில் மாற்றலாம். மூன்று வகையாக இருந்த 22 பழைய கப்பல்களின் வேலையை 14 கப்பல்கள் எடுத்துக்கொண்டன.

பெட்டியை அரை மணியில் மாற்றலாம், ஆட்களை மாற்ற முடியாது. காலையில் கண்ணிவெடி தேடியவர் மாலையில் ஏவுகணை விட மாட்டார். டென்மார்க்குக்குக் கிடைத்த நிலையான லாபம் வேறு இடத்தில் வந்தது: பழுது பார்க்க ஒரு பெட்டியைக் கழற்றினால் கப்பல் காத்திருக்க வேண்டாம், பழைய கப்பல் ஓய்வு பெற்றாலும் ஆயுதம் புதிய கப்பலுக்குக் குடிபெயரலாம். பின்னால் வந்த அப்சலோன், ஐவர் ஹூட்ஃபெல்ட் வகைகளிலும் அதே குழிகள் இருந்தன.

அமெரிக்கா இதையே பெரிதாகச் செய்யப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டது. கரையோரப் போர்க்கப்பல் திட்டத்தில் 2016-இல் மாற்றிப் பொருத்தும் யோசனையையே கைவிட்டு, ஒரு கப்பலுக்கு ஒரு வேலை என்று நிறுத்திக்கொண்டார்கள். நீர்மூழ்கி எதிர்ப்புப் பெட்டி கடைசியில் ரத்தானது. முதல் கப்பலான ஃப்ரீடம் 13 ஆண்டில் ஓய்வு பெற்றது. டென்மார்க் தன்னிடம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஆயுதங்களைப் பெட்டியில் போட்டது. அமெரிக்கா பெட்டியையும் அதற்குள் போக வேண்டியதையும் ஒரே நேரத்தில் கண்டுபிடிக்க முனைந்தது. வித்தியாசம் அவ்வளவுதான். இதற்கு மேல் இந்த வழியைப் பற்றிப் பேச எனக்கு அதிகம் இல்லை. 2,000 டன் கப்பலில் பின்தளத்தில் ஒரு குழி விட்டுவைப்பது நல்லது, கப்பலையே அதை நம்பி வடிவமைப்பது நல்லதல்ல.

எழுதும் விதம்

எந்த வழியானாலும் விவரக்குறிப்பு என்று ஒரு காகிதம் எழுதியாக வேண்டும். மாணவர்கள் முதலில் எழுதித் தருவது இப்படி இருக்கும்: “அமைப்பு மிக விரைவாகவும் துல்லியமாகவும் செயல்பட வேண்டும்.” இதை வைத்துக்கொண்டு ஒரு நிறுவனத்தையும் எதுவும் கேட்க முடியாது. திருத்திய பிறகு: “4 மீட்டர் உயரத்தில் வினாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் வரும் இலக்கை, இரண்டரை மீட்டர் அலையிலும் 32 டிகிரி கடல்நீர் வெப்பத்திலும், முதல் எதிரொலி கிடைத்த 4 வினாடிக்குள் ரேடார் உறுதியான தடமாகத் தர வேண்டும்; 10 சோதனையில் 9 முறை.” நீளமான வாக்கியம், அழகில்லாத வாக்கியம், ஆனால் சண்டை வந்தால் நம்மைக் காப்பாற்றும் வாக்கியம்.

அந்த வெப்பநிலையைச் சும்மா செருகவில்லை. பிரிட்டனின் டைப் 45 அழிப்புக் கப்பல்கள் வெப்பக் கடல்களில் மின்சாரம் இழந்து நின்றன. 2016-இல் நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது, விவரக்குறிப்பில் கேட்டதைவிடக் கடுமையான சூழலில் இயந்திரம் ஓடுகிறது என்ற பதில் தயாரிப்பாளர் தரப்பிலிருந்து வந்தது. உலகின் மிகத் திறமையான வான்காப்பு ரேடார்களில் ஒன்றைச் சுமந்த கப்பல், மின்சாரம் இல்லாமல் நின்றால் வெறும் இரும்பு. வங்கக் கடலின் மேற்பரப்பு கோடையில் 30 டிகிரியைத் தொடுவது சாதாரணம். குளிர்க்கடல் நாட்டில் வடிவமைத்த ரேடாரின் குளிரூட்டும் சுற்றுக்கு நம் ஊர்த் தண்ணீரே பெரிய எதிரி.

விவரமாக எழுத வேண்டும் என்றேன்; அதற்காக எல்லாவற்றையும் கேட்டுவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவின் காலின்ஸ் வகை நீர்மூழ்கிகள் அதற்குப் பாடம். 1987-இல் ஒப்பந்தமான அவற்றின் போர் அமைப்பில் எல்லா உணரிகளின் தரவும் ஒரே தரவுக் கம்பியில் ஓட வேண்டும், எந்த மேசையிலிருந்தும் எந்த வேலையும் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். அன்றைய கணினிகளால் அது நடக்கவில்லை. ஒப்பந்தமோ இறுகிக் கிடந்தது. 1999-இல் மெக்கின்டோஷ், ப்ரெஸ்காட் இருவரும் கொடுத்த அறிக்கை அந்த அமைப்பையே தூக்கிப் போடச் சொன்னது; பிறகு அமெரிக்க அமைப்பு வந்தது. இன்னொரு வகைப் பேராசையை அமெரிக்காவின் கான்ஸ்டலேஷன் போர்க்கப்பல் திட்டத்தில் பார்க்கலாம். ஐரோப்பாவில் ஓடிக்கொண்டிருந்த ஃப்ரெம் கப்பலை எடுத்து, 85 சதவீதம் அப்படியே வைப்போம் என்று ஆரம்பித்தார்கள். இது வேண்டும், அது வேண்டும் என்று சேர்த்துச் சேர்த்து ஒற்றுமை 15 சதவீதத்துக்கும் கீழே போனது. வடிவமைப்பு முடியாமலே 2022-இல் எஃகு வெட்டத் தொடங்கினார்கள். 2025 நவம்பரில் முதல் இரண்டு கப்பலோடு நிறுத்துவதாக அறிவித்தார்கள்.

மனிதருக்கு ஒதுக்கிய 5 வினாடியைப் பற்றி விவரக்குறிப்புகள் அனேகமாக வாயே திறப்பதில்லை. 1988 ஜூலை 3 அன்று ஏஜிஸ் கப்பலான வின்சென்ஸ் ஈரானின் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. 290 பேர் மாண்டனர். விமானம் மேலே ஏறிக்கொண்டிருந்தது என்று கணினிப் பதிவு சரியாகவே காட்டியது. கீழே இறங்குகிறது என்று அறைக்குள் குரல்கள் சொல்லிக்கொண்டிருந்தன. தலைவர் முன்னிருந்த பெரிய திரைகளில் உயரம் தெரியாது. சிறிய எழுத்துத் திரையில்தான் வரும், அதுவும் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை எண்களைப் பார்த்து மனத்தில் கணக்கிட வேண்டும். பக்கத்துக் கப்பலோடு தடங்களை இணைத்தபோது அந்த விமானத்தின் தட எண் மாறியது என்றும், பழைய எண் வேறொரு விமானத்துக்குப் போய்விட்டது என்றும் பின்னாளைய அலசல்கள் சொல்கின்றன. ஒரே கூரையின் கீழ் கட்டிய, மிக நன்றாகச் சோதித்த அமைப்பு அது. மொத்தமாக வாங்குவது எல்லா இடுக்கையும் அடைத்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். கப்பலுக்கும் கப்பலுக்கும் இடையே, திரைக்கும் கண்ணுக்கும் இடையே இருக்கும் இடுக்குகள் ஒப்பந்தத்துக்கு வெளியே கிடந்தன.

தலைவர் எங்கே உட்கார்ந்து எதைப் பார்க்க வேண்டும் என்பது நம் கரைக்குப் பழைய கேள்வி. 1783 ஜூன் 20 அன்று கடலூருக்கு எதிரே தளபதி சஃப்ரேனின் 15 பிரெஞ்சுக் கப்பல்களும் தளபதி ஹியூஸின் 18 ஆங்கிலேயக் கப்பல்களும் மோதின. ஐரோப்பாவில் சமாதான உடன்படிக்கையின் முன்வரைவு கையெழுத்தாகி மாதங்கள் ஆகியிருந்தன, சேதி மட்டும் வந்து சேரவில்லை. முந்தைய சண்டைகளில் சஃப்ரேனின் கொடிச் சமிக்ஞைகளை அவருடைய கப்பல் தலைவர்கள் பலர் சரியாகப் பின்பற்றவில்லை. இந்தச் சண்டையை அவர் தம் பெரிய கப்பலில் இருந்து நடத்தவில்லை. அரச ஆணைப்படி க்ளியோபாத்ரா என்ற சிறிய ஃபிரிகேட்டுக்கு மாறி, வரிசைக்கும் புகைக்கும் வெளியே நின்று நடத்தினார். 240 ஆண்டுகளுக்கு முன்பே தலைவரின் திரையை வடிவமைத்திருக்கிறார்கள்.

இன்றைய வங்கக் கடலில் அந்தத் திரைக்கு இன்னொரு பாரம். கடலூர்த் துறைமுகத்திலிருந்தும் புதுச்சேரியின் தேங்காய்த்திட்டிலிருந்தும் ஒரே இரவில் புறப்படும் ஃபைபர் படகுகளை எண்ணிப் பாருங்கள். கண்ணாடி இழைப் படகு ரேடாருக்குச் சரியாகத் தெரியாது. அலைக்குள் மறைந்து மறைந்து தெரியும். 2008-இல் மும்பையைத் தாக்கியவர்கள் வந்தது ஒரு மீன்பிடிப் படகைக் கைப்பற்றித்தான். ரோந்துக் கப்பலின் நிஜ வேலை நாளில் வினாடிக்கு 900 மீட்டர் பறக்கும் ஏவுகணை வராது. நூற்றுக்கணக்கான படகுகளில் எது வலை போடுகிறது, எது போடவில்லை என்று பிரிப்பதுதான் வேலை. வெளிநாட்டு முழுச் சாப்பாட்டில் இந்தப் பதார்த்தம் இருக்காது. வடகடலில் எழுதிய வகைப்படுத்தும் விதிகளை இங்கே மாற்ற வேண்டும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். என் மனத்தில் தராசை இரண்டாவது வழிப் பக்கம் சாய்ப்பது இதுதான்.

இடையில் ஒரு வழியும் இருக்கிறது. ஆஸ்திரேலியா 2017-இல் அறிவித்தபடி, பெரிய கப்பல்களில் வான்காப்புக்கு ஏஜிஸை வாங்கி, அதன் மேல் தன் நாட்டில் வளர்க்கும் 9எல்வி இடைமுகத்தைப் போர்த்துகிறது; ரேடாரும் உள்நாட்டுத் தயாரிப்பு. கடினமான வினாடிகளை வாங்கிக்கொண்டு, அடிக்கடி மாறும் பகுதியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் கெட்டிக்காரத்தனம். ஆனால் இரண்டு மூளைகளில் எது சொல்வது எடுபடும் என்ற எல்லையை வரைவது தனி வேலை. 2,000 டன் கப்பலுக்கு அது அதிகப்படி.

காகிதக் கப்பலுக்கு நான் கையெழுத்திடுவது

இரண்டாவது வழி, நிபந்தனைகளோடு. நடு மென்பொருளும் எல்லா இடைமுக ஆவணங்களும் வாங்குபவரின் சொத்து; டெண்டர் விடும் முன்பே ஆவணங்களின் முதல் வரைவு தயாராக இருக்க வேண்டும், வென்ற நிறுவனம் வந்து எழுதித் தருவதாக இருக்கக் கூடாது. 14 வினாடியின் பங்கீடு ஒப்பந்தத்தின் முதல் இணைப்பு. பெட்டிகளுக்கு இடையே இழக்கும் நேரத்துக்குப் பிணைக்கும் குழுவே பொறுப்பு. ரேடார், ஏவுகணை, பீரங்கி மூன்றில் புதியது ஒன்றுக்கு மேல் கூடாது. மற்றவை ஏற்கெனவே ஏதாவது ஒரு கப்பலில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கொல்கத்தா பட்ட தாமதத்தை நாமும் பட வேண்டியதில்லை. கரையில் சோதனைக் கூடம் கட்டாயம். பணம் போதவில்லை என்றால் பீரங்கியின் அளவைக் குறைப்பேன், கூடத்தை விட மாட்டேன். அங்கே கப்பலில் உட்காரப் போகிற மாலுமிகளே உட்கார்ந்து, படகு நெரிசலையும் ஏவுகணையையும் ஒரே நேரத்தில் கொடுத்து, அந்த 5 வினாடியைக் கடிகாரம் வைத்து அளக்க வேண்டும். எடையிலும் மின்சாரத்திலும் குளிரூட்டலிலும் பிற்காலத்துக்கென்று இடம் விட்டுவைக்க வேண்டும். பின்தளத்தில் ஒரு குழி, காலியாகவே இருந்தாலும் பரவாயில்லை.

“சார், பிணைக்கும் குழுவே நம்மிடம் இல்லை என்றால்?” என்று ஒரு மாணவி கேட்டார். நியாயமான கேள்வி. கப்பல் ஒன்றோ இரண்டோதான், நான்கு ஆண்டுக்குள் வேண்டும், பிணைக்கத் தெரிந்தவர்கள் இல்லை, உருவாக்கவும் காலமில்லை என்ற நிலையில் தயங்காமல் முதல் வழிக்குப் போவேன். அப்போதும் மூன்று வரிகளை விலைப்புள்ளியில் தனித்தனியாகக் கேட்பேன்: இடைமுக ஆவணங்களின் முழு நகல், வகைப்படுத்தும் விதிகளையும் திரை அமைப்பையும் நாமே திருத்திக்கொள்ளும் உரிமை, விற்பவரின் கரைச் சோதனைக் கூடத்தில் நம் ஆட்கள் ஆறு பேருக்கு ஓராண்டு நாற்காலி. மூன்றாவது வரிக்கு அவர்கள் போடும் விலையைப் பார்த்தே, அடுத்த 30 ஆண்டு அவர்களோடு எப்படிப் போகும் என்று தெரிந்துவிடும்.